மாப்பிள்ளையை வெளியே எடுத்தேன்

மீன்தொட்டியில் முட்டைகள் வியாழக்கிழமை சாயங்காலம் வந்தன. மகள் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பள்ளி முகாமுக்குக் கிளம்ப வேண்டும். திங்கள் மாலைதான் திரும்புவாள். தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

"ரெண்டு மாசமா கெஞ்சினேன்மா. அப்பல்லாம் முறுக்கிட்டு நின்னான். நான் கிளம்பற நேரமா பாத்து ஐயாவுக்குக் கல்யாண ஆசை வந்துடுச்சு."

ஐயா என்பது ஆண் மீன். கடைகளில் ஃபைட்டர் என்று கண்ணாடிக் குப்பிக்கு ஒன்றாக விற்கிறார்களே, அந்த வகை. கருநீல உடம்பு, விசிறியாய் மடித்த பட்டுத்துணி போலச் சிவப்புத் துடுப்புகள். இவ்வளவு அலங்காரமும் இவ்வளவு கோபமும் ஒரே ஆளிடம் இருந்தால் அது மாப்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவனுக்கு மாப்பிள்ளை என்றே பெயர் வைத்திருந்தாள். பெண் மீனுக்குப் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அவ ஒரு நாள் வேலைக்குத்தானேம்மா வரா" என்றாள்.

அந்த மீன்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொன்னதுதான். செவுள் போதாமல் தலைக்குள் சுருள் சுருளாக இன்னொரு மூச்சு உறுப்பு இருக்கிறதாம். அதனால் அவை அடிக்கடி மேலே வந்து நம்மைப் போலவே காற்றைக் குடிக்கும். ஆண் மீன் அந்தக் காற்றையே எச்சிலோடு கலந்து குமிழி குமிழியாய் ஊதித் தண்ணீரின் மேல் கூடு கட்டும். முட்டைகள் கீழே விழ விழ வாயால் பொறுக்கி அந்த நுரைக்குள் கொண்டுபோய் ஒட்டி வைக்கும். வேலை முடிந்ததும் பெண்ணைத் துரத்தும். துரத்தியதும் நாம் அவளை வெளியே எடுத்துவிட வேண்டும். மகள் எடுத்துவிட்டிருந்தாள்.

இது மூன்றாவது முயற்சி. முதல் தடவை மாப்பிள்ளையே மறுநாள் அத்தனை முட்டையையும் தின்றுவிட்டான். இரண்டாம் தடவை முட்டைகளில் பஞ்சு போலப் பூஞ்சை பிடித்தது. அந்த இரண்டு நாளும் அவள் சாப்பிடவில்லை. இரண்டு தடவையும் அவள் அப்பாவிடம் தொலைபேசியில் நெடுநேரம் பேசினாள். மீன் வளர்க்கும் பைத்தியம் அவரிடமிருந்து வந்தது. நானும் அவரும் பிரிந்து நான்கு வருடமாகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனி ஞாயிறு மட்டும் மகள் அங்கே போவாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் கேட்டது இதுதான்: "அப்பாவை வந்து தொட்டியைப் பாத்துக்கச் சொல்லட்டா?"

"எதுக்கு? நான் இல்லையா?"

"உனக்கு வேலை இருக்கும்."

"சனிக்கிழமை லீவு. ஞாயிறு அரை நாள்தான். ஒரு மீனைப் பாத்துக்க எனக்குத் தெரியாதா? உன்னையே வளத்துட்டேன்."

அவள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பின்னால் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். அவளுக்குப் பதினைந்து வயது. அடுத்த மாதம் மேல்வகுப்புக்கான படிவத்தில் எந்த வீட்டு முகவரியை எழுதுவது என்று அவளே முடிவு செய்யலாம் என்று மூன்று பேரும் ஒப்புக்கொண்டிருந்தோம். புதிய பள்ளி அவர் வீட்டுக்கு அருகில். அவர் வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறவர். எப்போதும் வீட்டில் ஆள் உண்டு. என் பக்கத்தில் இருந்தது இந்தத் தொட்டி ஒன்றுதான். தொட்டி இருக்கும் வீட்டில்தான் அவள் இருப்பாள் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். அதனால்தான் கூடத்தில் நல்ல இடமாகப் பார்த்து, என் தையல் மேசையை அறைக்குள் நகர்த்திவிட்டு அதை வைக்கச் சொன்னேன்.

அவள் பேசிக்கொண்டே பல் துலக்கினாள், பேசிக்கொண்டே ஷூ மாட்டினாள். மூடியைத் திறக்காதே. விளக்கை அணைக்காதே, இருட்டில் அவனுக்குக் கூடு தெரியாது. சாப்பாடு போடாதே. நாளைக்குப் பொரிக்கும், குஞ்சு வாலைத் தொங்கப் போட்டுக் கூட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். செவ்வாய்க்கிழமை அதெல்லாம் நீந்த ஆரம்பித்ததும் நானே அவனை எடுத்துக்கொள்கிறேன். நான் அவளுடைய காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜோடிக்கு ஒன்று குறைந்தது. ஜுர மாத்திரையை எந்த உறையில் வைத்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "கேக்கறியாம்மா?" "கேக்கறேன், கேக்கறேன்." கடைசியாக வாசலில் நின்று சொன்னது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது.

"தின்னான்னா மட்டும் உடனே எடுத்துடு. இல்லாட்டி தொடவே தொடாதே."

முகாமில் தொலைபேசிகளை முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள். பேருந்து திரும்பும்வரை அவளிடம் எதையும் கேட்க முடியாது.

வெள்ளிக்கிழமை முழுக்க மாப்பிள்ளை கூட்டுக்கு அடியிலேயே நின்றான். துடுப்பால் மெல்ல விசிறிக்கொண்டிருந்தான். உடைந்த குமிழிகளுக்குப் பதிலாகப் புதிதாக ஊதினான். வேலைக்குப் போய்விட்டு வந்து அவனைப் பார்த்தபோது ஒரு மரியாதைகூட வந்தது. சாப்பிடாமல், படுக்காமல் நிற்கிறானே.

சனிக்கிழமை மத்தியானம் பார்த்தபோது குஞ்சுகள் பொரித்துவிட்டிருந்தன. வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. நான் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடி ஒன்று எப்போதும் என் பையில் கிடக்கும். அதை வைத்துப் பார்த்தேன். நூல்முனை அளவுக்கு வால்கள், நூற்றுக்கணக்கில், நுரையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு கரும்புள்ளி, கண்கள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது, சொல்ல யாரும் இல்லை. அப்படியே நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அதில் ஒன்று கூட்டிலிருந்து நழுவி விழுந்தது. சுழன்று சுழன்று கீழே போயிற்று. மாப்பிள்ளை திரும்பினான், பாய்ந்தான், அதை வாயில் எடுத்துக்கொண்டான்.

வெளியே விடுவான் என்று காத்திருந்தேன். விடவில்லை. அடுத்தது விழுந்தது. அதையும் எடுத்துக்கொண்டான். மூன்றாவது, நான்காவது. அவன் தாடை அசைந்தது. மெல்லுகிற அசைவு, சந்தேகமே இல்லை. கூட்டுக்கு நிழலாக மகள் சாமான் சுற்றி வரும் குமிழி பிளாஸ்டிக்கில் ஒரு துண்டை மிதக்க விட்டிருந்தாள். அதற்குப் பின்னால், மூலைக்குப் போனான். அங்கே என்ன செய்தான் என்று நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. திரும்பி வந்தபோது வாய் காலியாக இருந்தது. ஏழு குஞ்சுகள். பத்தே நிமிடம்.

தின்றால் உடனே எடுத்துவிடு என்று சொல்லியிருந்தாள். நான் எழுந்தேன். தயங்கவில்லை. மூடியைத் திறந்து வலையை இறக்கினேன். மாப்பிள்ளை ஓடவில்லை; வலையைப் பார்த்து முறைத்துக்கொண்டு, கூட்டுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றான். அதனால் பிடிப்பது சுலபமாக இருந்தது. ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரையே ஊற்றி அவனை விட்டேன். மணி இரண்டு.

பிறகு எனக்கு நல்ல பசி எடுத்தது. சாப்பிட்டேன். ஒரு ஆபத்தைத் தடுத்துவிட்ட ஆள் எப்படிச் சாப்பிடுவாளோ அப்படிச் சாப்பிட்டேன். மகள் வந்ததும் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுகூட யோசித்து வைத்தேன். "நல்ல வேளை நான் பக்கத்துலயே இருந்தேன்."

நான்கு மணிக்குத் தொட்டியின் அடியில் இருபது முப்பது குஞ்சுகள் கிடந்தன. ஐந்து மணிக்கு இன்னும் அதிகம். செத்துப் போகவில்லை. அவ்வப்போது ஒன்று துள்ளி, தண்ணீரில் பாதி தூரம் ஏறி, மேலே போக முடியாமல் மறுபடி சுற்றிச் சுற்றிக் கீழே வந்தது. மேலே கூட்டில் குமிழிகள் ஒவ்வொன்றாய் உடைந்துகொண்டிருந்தன. உடைந்த இடத்தில் தொங்கியவை விழுந்தன. புதுக் குமிழி ஊத யாரும் இல்லை.

கண்ணுக்கு மருந்து விடும் குழாய் ஒன்றைக் கழுவி எடுத்து வந்தேன். கீழே கிடந்த ஒரு குஞ்சை அதில் மெல்ல உறிஞ்சி, மேலே கொண்டுபோய் நுரைக்கு அடியில் விட்டேன். ஒட்டிக்கொண்டது. எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டாவதை விட்டேன். மூன்றாவதை விடும்போது முதலாவது விழுந்தது. இப்படியே செய்துகொண்டிருந்தேன். குழாயின் வாய் அகலமாக இருந்தது; தண்ணீர் வேகமாக வந்து நுரையை உடைத்தது. நான் ஒன்றை ஒட்ட வைத்தால் இரண்டு விழுந்தன. அது தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சும்மா பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு வராத காரியம். சின்ன வயதிலேயே பால் பொங்கும்முன் அடுப்பை அணைத்துவிடுவேன் என்று அம்மா சொல்வாள்.

அவரைக் கேட்டிருக்கலாம். அதை எத்தனை முறை நினைத்தேன் என்று சொன்னால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. தொலைபேசியை எடுத்து, "ஒரு சின்ன சந்தேகம்" என்று எழுதினேன். அழித்தேன். "குஞ்சு கீழே விழறது சகஜமா?" என்று எழுதினேன். அதையும் அழித்தேன். பிரிந்த பிறகு நானும் அவரும் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கூப்பிடுவதையே விட்டிருந்தோம். நீயும் இல்லை, நீங்களும் இல்லை. ஆறு மணிக்கு வந்தால் போதும், இருமல் மருந்து பையில் இருக்கிறது, இப்படி ஆளில்லாத வாக்கியங்கள். அந்த மாதிரி ஒரு வாக்கியத்தில் உதவி கேட்க வழி இருக்கவில்லை. தவிர, கேட்டால் என்ன அர்த்தம்? தொட்டி அவர் வீட்டில்தான் இருந்திருக்க வேண்டும் என்று நானே எழுதிக் கொடுப்பதாக அர்த்தம். எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டு படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடு பாதிதான் இருந்தது. கடைக்குப் போனேன். முன்கடையில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களுக்கு ஃபிரேம் காட்டும் அக்கா பின்னறைக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? ஊருக்கெல்லாம் பவர் பாத்துக் கொடுத்துட்டு உனக்குக் கண்ணு சொருகுது."

"மாப்பிள்ளையை வெளிய எடுத்துட்டேன்க்கா."

"எந்த மாப்பிள்ளை? மாப்பிள்ளை உள்ள வந்த கதையே எங்கிட்ட சொல்லலியே நீ!"

நான் சிரிக்க முயன்றேன், அழுகை வந்துவிட்டது. லென்ஸ் விளிம்பு தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சொன்னேன். அக்கா கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டு முழுக்கக் கேட்டாள்.

"பெத்த குஞ்சையா தின்னுச்சு? அட கொடுமையே. எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, புள்ளைங்க தட்டுல இருக்கறதைத் திங்கும், புள்ளைங்களை விட்டுடும். அந்த வரைக்கும் பரவாயில்ல போல."

"ஏழு குஞ்சைத் தின்னுச்சுக்கா. என் கண்ணால பாத்தேன்."

"முழுங்கினதைப் பாத்தியா?"

"வாயில எடுத்ததைப் பாத்தேன்."

"அதைக் கேக்கல. முழுங்கினதைப் பாத்தியா?"

நான் கையிலிருந்த லென்ஸைத் துடைத்தேன்.

"ஏண்டி, பூனைகூடத்தான் குட்டியை வாயில கவ்வும். அதுக்காகப் பூனையை அடிச்சுத் துரத்துவாங்களா? அது இடம் மாத்தக் கவ்வுது." வெளியே யாரோ கூப்பிட்டார்கள். "வரேன் சார்" என்று குரல் கொடுத்துவிட்டு அக்கா என் தோளில் தட்டினாள். "தெரிஞ்சவங்களைக் கேளு. வீம்பு பாக்காதே."

அக்கா அதைச் சும்மா பேச்சுக்குத்தான் சொன்னாள். நான் அந்தப் பத்து நிமிடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் துண்டுக்குப் பின்னால், கூட்டின் அடியில், அவன் ஏன் போனான்? தின்பவன் அங்கே போய்த் தின்ன வேண்டியதில்லையே. வாய் நிறையப் பொறுக்கிக்கொண்டு அவன் போனது கூட்டுக்குத்தான்.

பின்னறையிலிருந்தே அவரைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தார்.

"பாப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. மீன் விஷயம்."

மூச்சை விட்டார். பிறகு நான் சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாமல் கேட்டார். எப்போதும் அப்படித்தான், அந்த மௌனம்தான் ஒரு காலத்தில் என்னைப் பைத்தியமாக்கியது. கடைசியில் சொன்னார்:

"விழறதை வாயில பொறுக்கிக் கூட்டுல துப்பும். நாலஞ்சு சேத்து எடுத்துட்டுப் போகும். வாயில வச்சு அலசும், அது மெல்லற மாதிரிதான் இருக்கும். நானும் முதல் தடவை பயந்தேன்."

"இப்ப திரும்ப விட்டுடவா?"

"ஒரு நாள் ஆயிடுச்சு. இனிமே அதுக்குக் குஞ்சுன்னு ஞாபகம் இருக்காது. விட்டா நிஜமாவே தின்னுடும்."

இயந்திரத்தின் தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"தண்ணியைக் குறைக்கணும். ரெண்டு விரல் உயரம் போதும், அப்பத்தான் விழுந்ததுங்க துள்ளி மேல வர முடியும். ஹீட்டரை அணைச்சு எடுத்துட்டு சூட்டுக்கு மூடிக்கு மேல டேபிள் லாம்ப் வைக்கணும். மெல்லிசா ஒரு குழாய்ல, சொட்டுச் சொட்டா இறக்கணும். அவசரப்படக் கூடாது." கொஞ்சம் நிறுத்தினார். "நான் வரட்டா?"

"வேண்டாம். நீங்க வர வேண்டாம்."

நான்கு வருடத்துக்குப் பிறகு நீங்க என்று சொல்லிவிட்டேன் என்பது தொலைபேசியை வைத்த பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து, மெல்லிய குழாயின் நுனியில் துணியைக் கட்டி, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கினேன். மூன்று மணி நேரம் பிடித்தது. குஞ்சு ஏதும் துணியில் ஒட்டுகிறதா என்று கண்ணில் பூதக்கண்ணாடியோடு குனிந்தபடியே இருந்தேன். கழுத்து கல்லானது. தண்ணீர் இரண்டு விரலுக்கு வந்தபோது அடியில் கிடந்தவற்றில் பல அசையவே இல்லை. பொரிக்காத முட்டைகளில் வெள்ளைப் பூஞ்சை ஆரம்பித்திருந்தது. சில குஞ்சுகள் துள்ளி, கண்ணாடிச் சுவரில் தண்ணீர் முடியும் இடத்தில் ஒட்டிக்கொண்டன. எத்தனை என்று எண்ணவில்லை, எண்ணத் தைரியம் இல்லை.

மீனையும் மனிதரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பது சோம்பேறித்தனம். அவரை விட்டு நான் வந்ததற்கான காரணங்கள் உண்மையானவை. இன்றும் அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்ல முடியும், ஒன்றையும் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் சனிக்கிழமை வலையை எடுத்த கைக்கு அது முதல் தடவை இல்லை. ஒரு விஷயத்தின் பாதியைப் பார்த்ததுமே மீதி தெரிந்துவிட்டதாக எழுந்து நிற்பது அந்தக் கையின் பழக்கம். எழுந்து நின்ற பிறகு அதற்கு நல்ல பசியும் எடுக்கும்.

திங்கள் மாலை மகள் முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல், சேறு படிந்த ஷூவோடு ஓடி வந்து தொட்டிமுன் குனிந்தாள். அவள்மேல் புகையும் வெயிலும் கலந்த வாசனை அடித்தது.

"தண்ணி ஏன் இவ்வளவு கீழ இருக்கு? மாப்பிள்ளை எங்க?"

சமையலறை மேடையைக் காட்டினேன். ஜாடிக்குள் அவன் சும்மா நின்றுகொண்டிருந்தான்.

"எப்ப எடுத்த?"

"சனிக்கிழமை. ரெண்டு மணிக்கு."

விரல்விட்டு மணிக்கணக்கை எண்ணினாள். உதடு அசைந்தது.

"தின்னானா?"

"தின்னான்னு நெனச்சேன். வாயில எடுத்தான், ஏழெட்டு..."

"எடுப்பான்மா. எடுத்துத் துப்புவான். நான் சொன்னேனே."

"நீ சொல்லலையே."

"சொன்னேன். நீ சாக்ஸ் மடிச்சிட்டு இருந்தே. 'வாயில எடுப்பான், பயந்துடாதே, துப்பிடுவான்'னு சொன்னேன். கேக்கறியான்னு கேட்டேன். கேக்கறேன்னே."

அந்தக் காலைநேரத்தை மறுபடி மறுபடி தேடிப் பார்த்தேன். காலுறைகளின் நிறம் ஞாபகம் வந்தது. எந்த ஜோடிக்கு ஒன்று குறைந்தது என்பது ஞாபகம் வந்தது. அவள் சொன்னது வரவே இல்லை.

அவள் கத்தியிருக்கலாம். போன வருடம் ஒரு சட்டையைச் சாயம் போகத் துவைத்ததற்கு இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தவள். இப்போது எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரவாயில்லம்மா. உனக்குத் தெரியாதுல்ல. நீ வேணும்னா செஞ்ச?" என்றாள். பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளிடம் பேசும் குரல் அது. எனக்கு அடி விழுந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அந்தக் கையை உதறிவிட்டு, என்னைத் திட்டு, திட்டிவிட்டு இங்கேயே இரு என்று சொல்லத் தோன்றியது.

என் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். "நீந்துது! அம்மா, கொஞ்சம் நீந்துது." படுக்கைவசமாய், நேராக, ஊசிமுனை அளவில் சில அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தன. "முப்பது இருக்குமா? நாப்பது?" முந்நூறு இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டாள். "கார் எடுத்துட்டு வாப்பா. ஆமா, இன்னைக்கே." என் பக்கம் திரும்பினாள். "இனிமேதான்மா முக்கியம். ஒரு நாளைக்கு அஞ்சு தடவை சாப்பாடு வைக்கணும். மூணு நாலு வாரத்துல அதுங்களுக்கு அந்த மூச்சு உறுப்பு வளரும். மேல வந்து முதல் மூச்சை இழுக்கறப்ப மூடியைத் திறந்து குளிர்காத்து பட்டுச்சுன்னா போச்சு. யாராவது கூடவே இருக்கணும். அப்பா வீட்டுலதானே இருக்கார்."

"நான் லீவு போடறேன். மூணு வாரமும் போடறேன்."

"நீ பாத்துக்கிட்டா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். போய்த் தன் அலமாரியைத் திறந்தாள். உடுப்புகளை எடுத்தாள். பாடப்புத்தகங்களை எடுத்தாள். போன வருடத்துப் புத்தகங்களையும் எடுத்தாள். மூன்று வாரத்துக்கு அவை எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒரு பை போதாமல் என் பையைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

அவர் வந்து வாசலிலேயே நின்றார். இந்த வீட்டுக்குள் அவர் வந்ததே இல்லை. எப்போதும் கீழே காரிலிருந்து ஒலிப்பானை ஒருமுறை தட்டுவதோடு சரி. மகள் கையைப் பிடித்து இழுத்ததும் உள்ளே வந்து தொட்டியைக் குனிந்து பார்த்தார்.

"தண்ணி நல்லா இறக்கியிருக்கே. தனியா இதைச் செய்யறது கஷ்டம்."

தப்பாகப் போட்ட கணக்குக்குக் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ஆசிரியர் சொல்வது போல இருந்தது. "பொழைக்குமா?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது. பாக்கலாம்."

மூடியைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றினார்கள், உள்காற்றின் சூடு போகாதிருக்க. மின்தூக்கி வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். அது நிற்கும்போது ஒரு குலுக்கு குலுக்கும். மூன்று மாடி, படி வழியாக. தொட்டி ஒன்றரை அடிதான், எடையும் இல்லை, ஆனால் சாயாமல் போக இரண்டு ஆள் வேண்டும். ஒரு முனையை அவர் பிடித்தார். மற்ற முனையைப் பிடிக்க என்னைத் தவிர யாரும் இல்லை. மகள் தோளில் இரண்டு பையும் கையில் மாப்பிள்ளையின் ஜாடியுமாக முன்னால் இறங்கினாள்.

அவர் பின்னோக்கி இறங்கினார். நான் மேல்படியில் குனிந்து, என் முனையைத் தாழ்த்திப் பிடித்திருந்தேன். "படி." "ம்." "இன்னொரு படி." "ம்." கல்யாணமாகி இருந்த காலத்தில்கூட நாங்கள் இவ்வளவு ஒத்துப்போய் ஒரு வேலை செய்ததில்லை. எதிரே வந்த கீழ்வீட்டுக்காரர் சுவரோடு ஒட்டி வழிவிட்டார். "என்னது, கேக்கா?" என்று கேட்டார்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. கீழே வைக்காமல் பிடித்தபடியே நின்றோம். தண்ணீர் அடங்கக் காத்திருந்தோம்.

"அம்மா," என்றாள் மகள், இரண்டு படிக்குக் கீழே நின்று, ஜாடியைப் பார்த்தபடி. "ஸ்கூல் ஃபார்ம்ல அப்பா வீட்டு அட்ரஸையே போட்டுடட்டா?"

"இப்ப கேக்கற கேள்வியா இது?" என்றார் அவர்.

"இல்லப்பா. கேட்டுட்டா கேட்டுட்டேன்னு இருக்கும்."

என் இரண்டு கையும் தொட்டியில் இருந்தது. கண்ணைத் துடைக்க முடியாது, முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது. லேசாக அசைந்தாலும் தண்ணீர் அசையும். பிளாஸ்டிக் தாளுக்குள் ஆவி படிந்து எதுவும் தெரியவில்லை. அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டுக்கோ," என்றேன்.

"சனி ஞாயிறு வருவேன்மா. எல்லா வாரமும்."

"சரி. முன்னால பாத்துப் போ. ஜாடி நழுவிடப் போகுது."

காரின் பின்னிருக்கையில் அவர் தலையணை ஒன்றை விரித்து வைத்திருந்தார். தொட்டியை அதன்மேல் இறக்கினோம். மகள் உள்ளே ஏறி அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். பைகளையும் ஜாடியையும் முன்னிருக்கையில் வைத்துவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார்.

"அம்மா, கதவை மெதுவா சாத்து. அதிர்ந்தா குஞ்சுங்க கீழ விழுந்துடும்."

மெதுவாகச் சாத்தினேன்.

"சரியா மூடல," என்றார் அவர், முன்னால் எரிந்த சின்ன விளக்கைப் பார்த்து. "திரும்ப."

திறந்தேன். மகளின் முழங்கால், தொட்டியின் விளிம்பு, மூடியின் மேல் அவள் விரித்து வைத்திருந்த விரல்கள். மறுபடி மெல்லத் தள்ளினேன். மூடவில்லை. ஓங்கி அடித்தால் மூடிவிடும். அடிக்க முடியாது. இரண்டு உள்ளங்கையையும் கதவில் பதித்து, தோளையும் வைத்து, உடம்பின் எடை முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக அதன்மேல் சாய்த்தேன், உள்ளே க்ளிக் என்று சத்தம் கேட்கிறவரைக்கும்.